முசியே ரிவர்ஸ் போடமாட்டார்

காரை ரிவர்ஸ் எடுப்பது மரியாதைக் குறைவு என்று நம்பி, சொந்த வீட்டுச் சுவரை இடித்தவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஊரைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். ஏற்ற முடியாததை விற்றார்கள். கட்டில், நிலைக்கண்ணாடி, பியானோ, சில வீடுகளில் நாய். பெரிய மார்க்கெட் பக்கத்தில் எங்களுக்கு ஜவுளிக்கடை. ஒரு துரை வீட்டில் நல்ல தேக்கு அலமாரி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு அப்பா என்னை அனுப்பினார். நான் போவதற்குள் அலமாரி போய்விட்டது. கார் இருந்தது. நீல நிறம், ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா கடை வாசலில் நின்று அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேட்டியெல்லாம் இதுல எங்கடா அடுக்குறது?" என்றார்.

காரோடு சேர்ந்து ஒரு கிளப்பும் வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களின் கிளப். துரைமார்கள் ஆரம்பித்தது. பிரெஞ்சில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, பாதிக்கு மேல் எனக்கு வாயில் நுழையாது. துரைமார்கள் போனபிறகு மிஞ்சியது நாலு கார்கள்: பல் டாக்டருடையது, ஒயின் கடை முதலாளியுடையது, என்னுடையது, முசியேயுடையது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரை ரோட்டில், பழைய லைட் ஹவுஸ் பக்கம் கூடுவோம். வரிசையாக நிறுத்துவோம். ஒருத்தர் காரை இன்னொருத்தர் சுற்றி வந்து பார்த்து, போன மாதம் பார்த்ததையே மறுபடியும் மெச்சுவோம். காபி குடிப்போம். பிறகு நாலு காரும் வரிசையாக ஊரை ஒரு சுற்று சுற்றும். முன்னால் ஒரு மாட்டுவண்டி மாட்டிக்கொண்டால் நாலு ஸ்போர்ட்ஸ் காரும் மாட்டின் வேகத்தில் போகும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் எங்களுக்கு சல்யூட் வைப்பார். மாட்டுக்கும் சேர்த்துத்தான் என்று டாக்டர் சொல்வார்.

அந்த நாளில் ஊரில் யாரை வேண்டுமானாலும் 'முசியே' என்று கூப்பிடலாம், பிரெஞ்சில் 'ஐயா' மாதிரி. ஆனால் பேர் சேர்க்காமல் வெறுமனே 'முசியே' என்றால் அது இவர்தான். சைகோனில் சுங்க ஆபீசில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். நம்ம ஊர்க்காரர்தான், முத்தியால்பேட்டையில் பிறந்தவர். ஆனால் நடை, உடை எல்லாம் துரைகளே கற்றுக்கொள்ளலாம் என்கிற மாதிரி. வெள்ளைக் கோட்டு, பளபளவென்று கறுப்பு பூட்ஸ், மெழுகு போட்ட மீசை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பச்சை நிறத்தில் ஒரு கார். கிளப்புக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, வரிசையில் அவர் கார்தான் எப்போதும் முதலில் நின்றது.

நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, என் காரைக் கடலைப் பார்க்க, மதிலில் மூக்கு இடிக்கிற மாதிரி நிறுத்தினேன். மற்ற மூன்றும் ரோட்டைப் பார்த்து நின்றன. முசியே என் காரைச் சுற்றி வந்தார்.

"வெளிய எப்படிப் போவீங்க?"

"ரிவர்ஸ் எடுத்துதான், முசியே."

அவர் முகம் மாறவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் யாரோ மூக்கைச் சிந்திவிட்ட மாதிரி கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா," என்றார். "முன்னாடிதான் இத்தினி தெரு இருக்குதே."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து நானும் ரோட்டைப் பார்த்தே நிறுத்தினேன்.

அவர் காரில் ரிவர்ஸ் கியரே வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்களாவது பிழைத்துப் போங்கள்.

அப்படிப்பட்ட காருக்கு இந்த ஊரைப்போல ஒரு ஊர் கிடையாது. தெருக்கள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராகப் போய், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருக்கும். எங்கே போனாலும் ஒரே பக்கம் நாலு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஊரைச் சுற்றி புல்வார் என்று அகலமான ரோடு வேறு. முசியே ஊரில் கார் ஓட்டுவது கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி இருக்கும். கோயிலுக்குப் போனாலும் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போவார். "சுத்தி வந்தா முன்னாடியே வந்துடலாம்," என்பார்.

காரில் மட்டும் இல்லை, ஆளே அப்படித்தான். முதல் நாள் என்னை "ரத்தினம்" என்று கூப்பிட்டார். அது என் பெயர் இல்லை. சொன்னேன். "ஓ," என்றார். தலையை ஆட்டினார். பிறகு, "வாங்க ரத்தினம், காபி சாப்பிடலாம்," என்றார். அடுத்த மாதம் டாக்டரும் ரத்தினம் என்றார். ஒயின் கடைக்காரர் தீபாவளிக்கு ஆள் அனுப்பினார், "ரத்தினம் முதலாளி வீடு இதானே?" என்று கேட்டுக்கொண்டு. கோபம் வந்தால் என் மனைவியும் அந்தப் பெயரைத்தான் எடுப்பாள். "ரத்தினத்துக்கு சோறு வேணுமா, வேணாமா?"

ஒரு நாள் கடற்கரையில் என் கார் மக்கர் செய்துவிட்டது.

"ஏறுங்க ரத்தினம், கடை வாசல்ல விட்டுடறேன்," என்றார் முசியே.

கடை வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. அதைத் தாண்டி பத்தடி தள்ளி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நாலு தெரு சுற்றி மறுபடி வந்தார். வண்டி அங்கேயே நின்றது. மறுபடியும் சுற்றினார். அதற்கடுத்த சுற்றில் அப்பா வாசலுக்கு வந்து நின்றுகொண்டார். அதற்கும் அடுத்ததில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். தேர் பார்க்க நிற்கிற மாதிரி நின்றார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இங்கயே எறங்கி நடந்துக்கறேன் முசியே, பத்தடிதானே."

"கடை வாசல்லன்னு சொல்லிட்டேனே," என்றார்.

மாடு கிளம்புகிறவரை சுற்றினோம்.

இந்த மாதிரி ஆளைப் பார்த்தால் இரண்டு விதமாக நினைக்கலாம். கிறுக்கு என்று நினைக்கலாம், பெரிய மனுஷன் என்று நினைக்கலாம். நாங்கள் மூன்று பேரும் பெரிய மனுஷன் என்றே நினைத்தோம். ஒரு கூட்டத்தில் டாக்டர் ஒரு கைவண்டிக்கு வழிவிட தன் காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். முசியே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு மாதம் அது அவரை அரித்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "நம்ம கிளப்புல இனிமே யாரும் ரிவர்ஸ் போடக்கூடாது. போட்டா எல்லாருக்கும் காபி வாங்கித் தரணும்," என்றார். நாங்கள் கை தூக்கினோம். முசியே தூக்கவில்லை. "ஒங்க இஷ்டம்," என்றார். என்ன அடக்கம் பார் என்று ஒயின் கடைக்காரர் என் காதில் சொன்னார்.

கிளப்போடு விட்டிருக்கலாம். நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். என் கார் ஷெட்டுக்கு ஒரே கதவுதான். நேராக உள்ளே போனால் காலையில் பின்னால்தான் வரவேண்டும். தினமும் யாரும் பார்க்காதபோது திருடன் மாதிரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன், மனசுக்கு ஒப்பவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு பின்சுவரில் ஒரு கதவு வைக்கச் சொன்னேன்.

"எதுக்குங்க பின்னாலயும் கதவு?"

"வெளிய போறதுக்கு."

"வந்த வழியாப் போனா ஆகாதுங்களா?"

"ஆகாது."

அவர் உள்ளே என் மனைவியைப் பார்த்தார். இவருக்கு வீட்டில் எல்லாம் சரிதானே என்கிற பார்வை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். சுவர் இடிந்தது. ஒரு வாரத்தில் ஷெட் தெருவாகிவிட்டது. தயிர்க்காரி அந்தப் பக்கமாகக் குறுக்கே போனாள், அப்புறம் ஆடுகள், அப்புறம் ஒரு சைக்கிள்காரர் மணி அடித்து, ஓரமாகப் போகும்படி என் காரைக் கேட்டுக்கொண்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் என் மாமியார் வீடு. அது சாரம் என்கிற பக்கத்து ஊரில், ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். உள்ளே போனால் பின்னால்தான் வரவேண்டும். அதனால் சந்து முனையில் காரை நிறுத்தி, மனைவியையும் குழந்தையையும் பையையும் இறக்கிவிட்டுப் போய்விடுவேன்.

"உள்ள வந்து எங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா கொறஞ்சா போயிடுவீங்க?"

"ரிவர்ஸ் எடுக்கணுமே."

"எடுங்க."

"அது மரியாதை இல்ல."

"எது? எங்கம்மாவப் பாக்கறதா?"

முதல் கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவேன்.

முசியேவுக்கும் ஒரு முட்டுச்சந்து இருந்தது. முத்தியால்பேட்டையில், கோயில் சுவரில் போய் முட்டி நிற்கிற சந்து. அதன் கடைசி வீடு அவர் தங்கையுடையது. தங்கை வீட்டுக்காரர் ஆலையில் வேலை பார்த்தவர். ஊரை இந்தியாவோடு சேர்க்கவேண்டும் என்று ஆலைக்காரர்கள் கொடி பிடித்த சமயத்தில், ஒரு மத்தியானம் முசியே அங்கே சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பேச்சு கொடியில் ஆரம்பித்து, முசியேயின் பென்ஷனில் போய் முடிந்தது. "சைகோன் சோத்துல வளந்த ஒடம்பு, அது அப்படித்தான் பேசும்," என்று மச்சினர் சொல்லியிருக்கிறார். முசியே பாதி இலையில் எழுந்தார். "இந்தச் சந்துல இனிமே என் கால் படாது," என்றார். கை கழுவாமல் நடந்தார். தங்கை சந்து முனைவரை பின்னால் ஓடிவந்து கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை இது.

ஆனால் கிளப் ஊர்வலம் மாதாமாதம் அந்த வழியாகத்தான் போகும். முசியே போட்ட வழி. சந்து முனை வந்ததும் பச்சைக் கார் மெதுவாகும். இரண்டு முறை ஹார்ன் அடிப்பார். அது கிளப் வழக்கம் என்று நினைத்து நாங்களும் இரண்டிரண்டு முறை அடிப்போம். சந்துக் கடைசியில் ஒரு பெண்பிள்ளை நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். பக்கத்தில் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் வருஷா வருஷம் உயரமாகிக்கொண்டு வந்தது. கடைசியில் தாவணி கட்டிக்கொண்டு நின்றது.

அறுபத்தொன்றில் ஒரு முதல் ஞாயிற்றுக்கிழமை. கார்கள் வரிசையாக நின்றன, காபி வந்துகொண்டிருந்தது. கடற்கரை ரோட்டில் முசியேயின் தங்கை தாம்பாளத்தோடு நடந்து வந்தார். வெற்றிலைபாக்கு, மஞ்சள், பத்திரிகை. நேரே பச்சைக் காருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, புள்ளைக்குக் கல்யாணம். அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமைதான் முகூர்த்தம். ஒன் வண்டி அந்தப் பக்கம் வர நாளுதான்."

முசியே தாம்பாளத்தைப் பார்த்தார். தொடவில்லை.

"நல்லா இருக்கட்டும்."

"நல்லா எப்படி இருக்கும்? தாய்மாமன் மாலை போடாம மணையில ஒக்காரமாட்டேங்குது. காது குத்தறப்ப ஒன் மடியிலதான ஒக்காந்துது? மாமா வரலன்னா மாப்பிள்ளைய அனுப்பிடுங்கன்னுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் கேக்கறாங்க, தாய்மாமன் இருக்காரா, இல்லியான்னு. நான் இன்னா சொல்றது?"

"நான் சொன்னது ஒனக்குத் தெரியும்."

"தெரியும். கால் படாதுன்ன. சக்கரம் படாதுன்னியா?"

டாக்டர் காபியை உறிஞ்சுவதை நிறுத்தினார். முசியேயின் மீசை கொஞ்சம் அசைந்தது. பிறகு முகம் வெளுத்தது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"கார்லயே வா. கார்லயே ஒக்காந்திரு. கால கீழ வெக்காத. மாலையப் போட்டுட்டுப் போயிடு."

"பாக்கலாம்."

"பாக்கலாம்லாம் வேணாம். இத்தினி பெரிய மனுஷங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா சொன்னதுதான், அது எனக்கும் தெரியும்."

முசியே கையை நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"என் கார்லயே வரேன்," என்றார்.

அந்த வாரம் கடைக்கு வந்தார். முகூர்த்தப் புடவைக்கு வந்திருக்கிறார் என்று பட்டை விரித்தேன். அவர் பட்டைப் பார்க்கவில்லை.

"ரத்தினம், ஒங்க ஷெட்டுல சுவர் இடிச்சீங்களே, ரொம்ப வேலையா?"

"இல்ல முசியே, ஒரே நாள்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

"அந்தச் சந்துக் கடைசில ஒரு சுவர் இருக்குது."

"அது மாரியம்மன் கோயில் சுவராச்சே!"

"அதான் யோசிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "முசியே, நல்ல காரியத்துக்கு ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தா கிளப்பு ஒண்ணும் சொல்லாது. காபி நான் வாங்கித் தரேன்."

அவர் முந்தானை ஜரிகையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ரிவர்ஸ் இல்ல."

"மரியாதைலாம் பாத்தா முடியுமா முசியே?"

"மரியாதை இல்ல, ரத்தினம். கியரு. அம்பத்தஞ்சுலயே பல்லு ஒடைஞ்சுடுச்சு. பிரான்சுலேந்து வருது."

"ஆறு வருஷமாவா வருது?"

"வருதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன்."

"மெட்ராஸுல குடுத்தா செஞ்சு தருவாங்களே."

"பிரான்சுலேந்துன்னு சொல்லிட்டேனே."

நான் கல்லாப்பெட்டிமேல் சாய்ந்துகொண்டேன். என் பின்சுவர், தயிர்க்காரி, ஆடுகள், சாரத்துச் சந்து முனையில் பையோடு இறங்கும் என் மனைவி எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்துபோனது. ஆறு வருஷம் ஒரு மனிதரின் ஒழுக்கத்தைப் பின்பற்றுவதாக நினைத்து, அவர் காரின் கோளாறைப் பின்பற்றியிருக்கிறேன். கோபப்படலாம் என்று பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் அது வரவில்லை.

"மொதல்லயே சந்து முனையிலேந்து பின்பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போயிடலாம். திரும்பறப்ப நீங்க நேரா ஓட்டிக்கிட்டு வந்துடுங்க," என்றேன்.

"தாய்மாமன் பின்பக்கமாவா வருவான்?"

அதுவும் சரிதான். அரக்குப் பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, திரும்பாமல், "ஒக்காந்துது. ஞாபகம் இருக்குது. காது குத்தறப்ப அழவேயில்ல," என்றார்.

கல்யாணத்தன்று கிளப் முழுவதும் போனது. மூன்று கார்கள் சந்து முனையில் நின்றன. பச்சைக் கார் மட்டும் உள்ளே போனது, நாங்கள் பின்னாலேயே நடந்தோம். அகலம் சரியாக இருந்தது. அதாவது காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம், தொப்பை இல்லாவிட்டால். வாசல்களில் நின்றவர்கள் வீட்டுக்குள் ஏறிக்கொண்டார்கள். நாயனக்காரர் வாசித்துக்கொண்டே பின்வாங்கிப் பந்தலுக்குள் போனார். பந்தல் காலில் கட்டிய வாழைமரத்தை யாரோ ஓடிவந்து சாய்த்துப் பிடித்தார்கள். முசியே வெள்ளைக் கோட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடமும் பார்க்காமல் வலமும் பார்க்காமல் வந்து பந்தல் ஓரத்தில் நின்றார். இறங்கவில்லை.

பெண் வந்தது. கார்க்கிட்டே வந்து நின்று மாமாவைப் பார்த்தது.

"மாமா, அன்னிக்கு மடியில ஒக்காந்தேன். இன்னிக்கு வண்டியில ஒக்காரட்டுமா?"

பதிலுக்கு அவர் கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தார். பெண் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. மாலையைப் போட்டார். புடவையைக் கொடுத்தார். அப்போது அவர் சிரித்தாரா என்று டாக்டர் பிறகு என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது, அந்த நேரம் பார்த்து வாழைமரம் என்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. பெண் காரிலிருந்து இறங்கி நேரே மணைக்குப் போனது. தாலி கட்டியானது. தங்கை ஒரு இலையைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்துப் பரிமாறினார். "இன்னிக்காவது முழுசாச் சாப்புடு," என்று மட்டும் சொன்னார். முசியே காரில் உட்கார்ந்தே பாயசம்வரை சாப்பிட்டார். தங்கை வீட்டுக்காரர் இந்தப் பக்கமே வரவில்லை. பந்தலின் அந்தக் கோடியில், தோளில் துண்டோடு, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்தது. எல்லாரும் காரைப் பார்த்தார்கள். கார் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் டாக்டர் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"ரிவர்ஸே இல்லியா? அடப்பாவி! நான் இத்தினி வருஷமா காபி தண்டம் கட்டியிருக்கேன்யா!"

"மெதுவா டாக்டர். தள்ளுங்க."

டாக்டர், ஒயின் கடைக்காரர், நான். மூவரும் கோட்டோடு முன்பக்கம் போய் பானெட்டில் கை வைத்துத் தள்ளினோம். கார் ஒரு சாண் நகர்ந்தது, சாக்கடைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது, அங்கேயே நின்றது. மறுபடி தள்ளினோம். டாக்டரின் கோட்டில் எங்கோ தையல் விட்டது. முசியே எங்கள் தலைக்கு மேலே, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கொடிக்கம்பம் மாதிரி முதுகு.

அப்போது எனக்கும் டாக்டருக்கும் நடுவில் இரண்டு கைகள் வந்து விழுந்தன. நெசவு ஆலையில் காய்த்த கை. தங்கை வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரே தம். சக்கரம் பள்ளத்திலிருந்து ஏறியது.

ஒரு காரைப் பின்பக்கமாகத் தள்ளவேண்டும் என்றால் முன்னால் நின்று தள்ளவேண்டும். முன்னால் நின்றால் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் தள்ளவேண்டும். இது எனக்கு அன்றுதான் உறைத்தது. முசியேவுக்கு நேர் எதிரே மச்சினர் முகம். நடுவில் ஒரு கண்ணாடி. முசியே பக்கவாட்டில் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். மச்சினருக்குக் குனியவும் முடியாது, குனிந்தால் தள்ள முடியாது. ஏழு வருஷமாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவர்கள், அந்தச் சந்து முழுவதும் வேறு எங்கும் பார்க்கமுடியாமல் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மச்சினரின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிப் பச்சைப் பெயின்ட்மேல் விழுந்தது. நாயனக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். டாக்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தார்.

சந்து முனையில் தரை ரோட்டுப் பக்கமாகச் சரிவு. கார் தானாகவே வேகம் எடுத்தது. ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது.

"மச்சான், பிரேக்கு!" என்று கத்தினார் மச்சினர்.

முசியே பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. பஸ் பின்னால் உரசாமல் போனது. நாங்கள் மூன்று பேரும் பானெட்மேல் குப்புற விழுந்து கிடந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முசியே வாயைத் திறந்தார், மூடினார். நாங்கள் எழுந்து இன்னும் ஒரு தள்ளு தள்ள, ஸ்டியரிங்கை ஒடித்துக் காரை ரோட்டோடு நேராக்கினார். பிறகு எஞ்சினைக் கிளப்பி முன்னோக்கிப் போய்விட்டார்.

"போயிட்டாரு பாத்தீங்களா," என்றார் மச்சினர், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே. "தெரியும் எனக்கு."

நாங்கள் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் ரோட்டின் மறுகோடியிலிருந்து பச்சைக் கார் வந்தது. புல்வாரை முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. அவருக்கு வேறு வழியும் கிடையாது. சந்து முனையில் மெதுவாகி நின்றது. இரண்டு முறை ஹார்ன் அடித்தார்.

"மாப்ள," என்றார் முசியே, நேரே பார்த்துக்கொண்டே. "வேட்டியில கறை ஆயிடுச்சு. ரத்தினம் கடையில ஒண்ணு எடுத்துக்கோ."

மச்சினர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் ரத்தினமா?"

"ஆமாங்க," என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகும் முசியே அந்தச் சந்தில் கால் வைக்கவில்லை. மாதாமாதம் முனையில் காரை நிறுத்துவார், தங்கை டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுப்பார், மச்சினர் நாலடி தள்ளி நின்று வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த வருஷம் ஊர் சட்டப்படியும் கைமாறியது. பென்ஷன்காரர்கள் சிலர் கப்பல் ஏறினார்கள். "நீங்க பிரான்சுக்குப் போகலியா முசியே?" என்று ஒயின் கடைக்காரர் கேட்டார். "போறேன்னு நான் எப்பவும் சொல்லலியே," என்றார். கியர் வந்ததா என்றால், வரவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பையோடு காரில் ஏறி உட்கார்ந்தாள். சாரத்துச் சந்து முனை வந்தது. நான் நிறுத்தவில்லை. உள்ளே திருப்பினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

மாமியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வடை, பாயசம், விசிறி என்று ஒரே உபசாரம். சந்து முழுக்க மாப்பிள்ளையையும் காரையும் பார்க்க வந்தது. நேரம் கடந்தது தெரியவில்லை. கிளம்பவேண்டும் என்று காரில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பின்சுவரில் கதவு வைத்த நாளிலிருந்து நான் அந்தக் கியரைத் தொட்டதே இல்லை. அது எந்தப் பக்கம் என்று தேடவேண்டியிருந்தது. கிடைத்தது. சந்தே பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று கொஞ்சம் கம்பீரமாக மிதித்தேன்.

மாமியார் வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம். காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முருங்கை மரத்துக்கு என்ன பலம் இருக்கும்? படீரென்று ஒரு சத்தம். கூரை இல்லாத கார் என்பதால் கிளை, இலை, காய் எல்லாம் நேரே என் மடியில் வந்து விழுந்தது. என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

மாமியார் சிரிக்கவில்லை. மெதுவாக நடந்து வந்து முறிந்த அடிமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்து ஒரு முருங்கை இலையை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க வராம இருந்தப்ப மரமாவது நின்னுக்கினு இருந்துச்சு, மாப்ள."